தொழில்நுட்பக் குழுக்களில் கேட்பதும் பதில் சொல்வதும்: கொங்குப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆவாரம்பாளையம் பம்ப் பட்டறை, திருப்பூர் சாயப்பட்டறை, சோமனூர் தறிக்கூடம், சரவணம்பட்டி ஐடி கம்பெனி என்று எங்கே வேலை பார்த்தாலும் போனில் நாலைந்து தொழில்நுட்பக் குழுக்கள் இருக்கின்றன. வாட்ஸ்அப், டெலிகிராம், எல்லாரும் படிக்கும்படி திறந்திருக்கும் கேள்வி-பதில் தளங்கள் என எல்லாவற்றையும் இங்கே குழு என்றே சொல்கிறோம். அவற்றில் எப்படிக் கேட்பது, யாரை நம்புவது, எங்கே ஜாக்கிரதையாக இருப்பது என்று திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்களின் பேச்சிலேயே தொகுத்திருக்கிறோம்.

ஏனுங்க, நம்மூர்லயே இத்தனை மேஸ்திரிங்க இருக்கறப்ப, மூஞ்சி தெரியாத ஆளுங்ககிட்ட எதுக்குங்க போய்க் கேக்கோணும்?

மேஸ்திரியை விட்டுவிட்டுக் குழுவுக்குப் போகச் சொல்லவில்லை. பேரிங் சத்தம், காயில் கருகிய வாசனை, ஷாஃப்ட் ஆட்டம் இவையெல்லாம் பக்கத்தில் நிற்கும் ஆளுக்குத்தான் பிடிபடும். போனில் எடுத்த வீடியோவில் பேரிங் சத்தமும் ஃபேன் சத்தமும் ஒரே இரைச்சலாகத்தான் கேட்கும். கைக்கும் காதுக்கும் மூக்குக்கும் எட்டுகிற பழுது என்றால் முதலில் பக்கத்துப் பட்டறைக்கே போங்கள்.

குழு கைகொடுப்பது வேறு இடத்தில். செகண்ட் ஹேண்டில் இறக்கிய பின்னல் மிஷினில் ஒரு அலாரம் எண் வருகிறது, கையேடு கிடையாது, விற்றவர் போன் எடுப்பதில்லை. அந்த மாடல் திருப்பூரில் இரண்டு பேரிடம் இருக்கலாம், லூதியானாவில் இருபது பேரிடம் ஓடிக்கொண்டிருக்கலாம். முப்பது வருஷம் அனுபவமுள்ள மேஸ்திரியின் கைக்குக்கூட அந்தக் கோளாறு ஒரு முறையும் வராமல் போயிருக்கலாம். நம் ஊரில் அபூர்வமாக வருவது இன்னொரு ஊரில் தினசரி வேலையாக இருக்கும். அந்த ஆளை எட்டுவதற்குத்தான் குழு.

கேள்வி போட்டா நெம்பப் பேர் பாக்கறாங்க, ஒருத்தரும் பதில் சொல்றதில்லீங்க. ஏனுங்க?

பெரும்பாலும் மனசில்லாமல் இல்லை. பதில் சொல்லக் கேள்வியில் ஒன்றும் இருப்பதில்லை. வழக்கமாக வருவது இப்படி: "டிரைவ் ட்ரிப் ஆகுது, அர்ஜென்ட், தெரிஞ்சவங்க சொல்லுங்க." டிரைவ் என்பது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி, ட்ரிப் என்றால் அது தானாக நின்றுபோவது. இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் தெரிந்தவர் பத்துக் கேள்வி திருப்பிக் கேட்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு நடுவே போனைப் பார்ப்பவர் அதைச் செய்ய மாட்டார், அடுத்த மெசேஜுக்குப் போய்விடுவார்.

அதே பழுதை இப்படி எழுதிப் பாருங்கள்: "சாயப்பட்டறையில் ஈரத்துணியைச் சுழற்றித் தண்ணீரைப் பிரிக்கும் ஹைட்ரோ மிஷின். மோட்டார் 11 கிலோவாட், அதாவது 15 எச்.பி., 415 வோல்ட், 21 ஆம்பியர். ஓடும்போது சிக்கல் இல்லை. ஸ்டாப் கொடுத்து மூன்று நான்கு நொடியில் ஓவர் வோல்டேஜ் என்று ட்ரிப் ஆகிறது. ஈரத்துணி நிறைந்திருந்தால் மட்டும் வருகிறது, டிரம் காலியாக இருந்தால் வருவதில்லை. நிற்கும் நேரம் 30 நொடியாக இருந்ததைப் போன வாரம் 5 நொடியாகக் குறைத்தோம். பிரேக் ரெசிஸ்டர் கிடையாது." விஷயம் தெரிந்தவர் இதைப் படித்து முடிக்கும் முன்பே பதிலைக் கண்டுபிடித்துவிடுவார். கனமான டிரம் வேகமாக நிற்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, மின்சாரத்தை டிரைவுக்குள் திருப்பித் தள்ளுகிறது. 415 வோல்ட் லைனில் சாதாரணமாக 587 வோல்ட்டை ஒட்டி நிற்கும் உள் டிசி மின்னழுத்தம் மேலே ஏறி, எல்லையைத் தொட்டதும் டிரைவ் தன்னைக் காத்துக்கொள்ள ட்ரிப் ஆகிறது. நிற்கும் நேரத்தைக் கூட்டுங்கள், முடியாதென்றால் அந்த மின்சாரத்தை வெப்பமாக்கித் தீர்க்க, அந்த டிரைவுக்கு ஏற்ற பிரேக் ரெசிஸ்டர் போடுங்கள் என்று இரண்டு வரியில் பதில் வந்துவிடும். இந்த ஹைட்ரோ மிஷினைக் கீழேயும் சில இடங்களில் எடுத்துக்கொள்கிறோம்.

அப்ப கேள்வியில என்னென்னதானுங்க எழுதோணும்?

ஆறு விஷயம். என்ன மிஷின் அல்லது மென்பொருள், மாடல் எண் அல்லது பதிப்பு எண் என்ன. என்ன செய்ய நினைத்தீர்கள். அதற்குப் பதில் என்ன நடந்தது, திரையில் வந்த எழுத்து எழுத்து மாறாமல். எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை. கடைசியாக எதை மாற்றினீர்கள். இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள், அதற்கு என்ன ஆனது.

இதில் ஆட்கள் அதிகம் விட்டுவிடுவது "எப்போது வருவதில்லை" என்பதையும் "கடைசியாக எதை மாற்றினோம்" என்பதையும்தான். பழுதைப் பிடித்துக் கொடுப்பதும் அவைதான். ஹைட்ரோ கேள்வியில் "காலியாக இருந்தால் வருவதில்லை" என்ற ஒரு வரியை எடுத்துவிட்டால், லைன் வோல்டேஜ் அதிகமோ, டிரைவ் போய்விட்டதோ என்று பேச்சு நாலு பக்கம் ஓடும். "நாங்கள் ஒன்றுமே மாற்றவில்லை" என்று எழுதும் முன், ஷிஃப்டில் இருந்த எல்லாரிடமும் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

மென்பொருள் என்றால் முழுப் புரோகிராமையும் கொட்டாதீர்கள். பழுது வருவதற்குத் தேவையான வரிகளை மட்டும் விட்டு, மற்றதை ஒவ்வொன்றாக நீக்குங்கள். நீக்க நீக்கப் பழுது மறைந்தால், கடைசியாக எடுத்த பகுதியில்தான் கோளாறு. இப்படிக் குறைத்துக்கொண்டே வரும்போது கேள்வியை அனுப்பும் முன்பே விடை கிடைத்துவிடுவது சகஜம்.

போட்டோ எடுத்துப் போட்டாப் போதாதுங்களா? எழுதறதுக்கு நேரமில்லீங்க.

நேம் பிளேட், பேனல் வயரிங் இரண்டுக்கும் போட்டோ அவசியம். ஆனால் வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும் படத்தைச் சுருக்கிவிடும். எண்ணெய் படிந்த நேம் பிளேட்டில் 1440 எது, 1410 எது என்று தெரியாது. தகட்டைத் துடைத்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து எடுங்கள். எச்.டி. என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், இல்லையென்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

பிழைச் செய்தியை மட்டும் போட்டோவாக அனுப்பாதீர்கள். கம்ப்யூட்டர் திரையைப் போனில் படம் எடுத்து அனுப்பினால் யாராலும் அதை காப்பி செய்து தேட முடியாது. ஆறு மாதம் கழித்து அதே பிழை வந்தவருக்கும் உங்கள் கேள்வி தேடலில் அகப்படாது. எழுத்தாகவே ஒட்டுங்கள்.

தமிழ்ல கேக்கலாமுங்களா, இல்ல இங்கிலீஷ்லதான் கேக்கோணுமா?

நம் ஊர்க் குழுக்களில் தமிழில் கேளுங்கள். அரைகுறை ஆங்கிலத்தில் எழுதும்போது பாதி விவரம் விட்டுப்போகிறது, மேலே சொன்ன ஆறில் நாலு காணாமல் போகிறது. "ஸ்டாப் குடுத்து மூணு செகண்ட்ல வருது, துணி இருந்தா மட்டும்" என்று பேசுகிற மாதிரி எழுதினால் போதும். பிழைச் செய்தி, பாராமீட்டர் பெயர், மெனு பெயர் ஆகியவற்றை மட்டும் மொழிபெயர்க்காமல் திரையில் உள்ளபடியே கொடுங்கள். உலகம் முழுக்க உள்ளவர்கள் படிக்கும் தளம் என்றால் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்கள் போதும். இலக்கணப் பிழைக்காக யாரும் பதிலை நிறுத்த மாட்டார்கள், விவரம் இல்லையென்றால் நிறுத்துவார்கள்.

தமிழ் எழுத்தே பழுதுக்குக் காரணமாக இருக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். "ரெண்டு ஃபைல்லயும் கோவைன்னுதான் இருக்குது, ஆனா புரோகிராம் வேற வேறங்குது" என்ற கேள்வி அடிக்கடி வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். யூனிகோடில் "கோ" என்பதை க, ஓகாரக் குறி என இரண்டு குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் குறியையும் கால் குறியையும் தனித்தனியாக வைத்து மூன்றாகவும் எழுதலாம். அதனால் "கோவை" ஒரு ஃபைலில் 4 குறியீடு, இன்னொன்றில் 5. இரண்டையும் என்.எஃப்.சி. என்ற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டால் தீர்ந்தது. இந்த மாதிரிக் கேள்வியில் சொல்லை மறுபடி தட்டச்சு செய்யாமல் ஃபைலிலிருந்தே காப்பி செய்து ஒட்டுங்கள். தட்டச்சு செய்தால் பழுதே மறைந்துபோகும்.

"மொதல்ல தேடிப் பாருங்க"ன்னு கடிக்கறாங்க. தேடத் தெரிஞ்சா நான் ஏனுங்க கேக்கறேன்?

நியாயமான கோபம். தேடுவதும் ஒரு கைவேலைதான், யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் வரும். பிழைச் செய்தியில் உங்கள் ஃபைல் பெயர், கம்பெனி பெயர், தேதி போன்ற உங்களுக்கு மட்டும் உரியதை எடுத்துவிடுங்கள். மீதியை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். மிஷின் என்றால் மாடல் எண்ணும் அலாரம் எண்ணும் சேர்த்துத் தேடுங்கள். பிறகு தயாரிப்பாளரின் தளத்தில் கையேட்டை இறக்கி, அதற்குள் அலாரம் எண்ணைத் தேடுங்கள். இதற்கெல்லாம் பதினைந்து நிமிடம் போதும்.

கிடைக்கவில்லை என்றால் தேடியதையும் கேள்வியில் சேர்த்துவிடுங்கள். "கையேட்டில் இந்த எண்ணுக்கு ஓவர் வோல்டேஜ் என்று மட்டும் இருக்கிறது, நிற்கும்போது ஏன் வருகிறது என்று இல்லை" என்று எழுதினால் யாரும் கடிக்க மாட்டார்கள்.

நான் ஒண்ணு கேட்டா, "அதை எதுக்குப் பண்றீங்க?"ன்னு திருப்பிக் கேக்கறாங்க. கேட்டதுக்குப் பதில் சொன்னா என்னங்க?

அப்படித் திருப்பிக் கேட்பவர்தான் பெரும்பாலும் உங்களுக்கு உண்மையாக உதவ நினைப்பவர். ஹைட்ரோ மிஷின்காரர் பழுதைச் சொல்லாமல், "ஓவர் வோல்டேஜ் ட்ரிப்பை எப்படி ஆஃப் பண்றது?" என்று மட்டும் கேட்டிருந்தால்? யாராவது ஒரு வழி சொல்லியிருப்பார், சில நாளில் டிரைவ் வெடித்திருக்கும். அவர் கேட்டது பழுதைப் பற்றியே அல்ல. பழுதுக்குத் தானாக முடிவு செய்த மருந்தைப் பற்றி. மருந்தே தப்பு.

ஆபீஸ் வேலையிலும் இதே கதைதான். "எக்செல்லில் எண்ணுக்கு முன்னால் இரண்டு பூஜ்யம் சேர்க்க ஃபார்முலா வேணும்" என்று கேட்பார்கள். எதற்கு என்று கேட்டால், பையர் அனுப்பிய ஸ்டைல் எண் 00745 என்பது 745 ஆகிவிட்டதாம். அந்த சி.எஸ்.வி. ஃபைலை டபுள் கிளிக் செய்து திறந்ததால் எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு பூஜ்யங்களைத் தின்றுவிட்டது. டேட்டா மெனு வழியாக இறக்கி, அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று வைத்தால் ஃபார்முலாவே தேவையில்லை. ஃபார்முலா போட்டிருந்தால், ஒற்றைப் பூஜ்யத்தில் தொடங்கும் ஸ்டைலுக்கும் இரண்டு பூஜ்யம் ஏறி, சரக்கு மாறிப் போயிருக்கும். அதனால் நீங்கள் நினைக்கும் தீர்வைக் கேட்டாலும், பக்கத்திலேயே மூலப் பிரச்சனையையும் ஒரு வரி எழுதுங்கள்.

ரெண்டு பேரு ரெண்டு விதமாச் சொல்றாங்க, ரெண்டு பேருமே அனுபவசாலிங்க. நான் யாரைக் கேக்கறதுங்க?

இரண்டு பேரும் சரியாக இருக்கலாம். மோட்டாரை ஸ்டார் இணைப்பில் கிளப்பி, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றி ஓட்டும் ஸ்டார் டெல்டா பேனலில் இது அடிக்கடி நடக்கும். 10 எச்.பி. மோட்டார், முழுச்சுமையில் 14 ஆம்பியர் எடுக்கிறது, மின்னோட்டம் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலேயை எவ்வளவில் வைப்பது? ஒருவர் 14 என்பார், இன்னொருவர் 8 என்பார். ரிலே லைன் பக்கத்தில், மெயின் கான்டாக்டருக்கு முன்னால் இருந்தால் முழு மின்னோட்டமும் அதன் வழியே போகும், 14 சரி. ரிலே மோட்டார் சுருளுக்குப் போகும் வயரில் இருந்தால், டெல்டாவில் ஓடும்போது லைன் மின்னோட்டத்தில் 0.58 பங்குதான் அதன் வழியே போகும், 8.1 சரி. அவரவர் தினமும் பார்க்கும் பேனலை மனசில் வைத்துச் சொல்கிறார்கள். சுருள் பக்கத்து ரிலேயை 14-இல் வைத்தால் மோட்டார் எரியும் வரை ரிலே அசையாது. லைன் பக்கத்து ரிலேயை 8-இல் வைத்தால் சுமை ஏறியதும் ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கும்.

ஆக, "யார் சரி?" என்று கேட்காதீர்கள். "நீங்க சொல்றது எந்த அமைப்புக்குங்கண்ணா?" என்று இரண்டு பேரிடமும் கேளுங்கள். எந்த நிலைமைக்குப் பொருந்தும் என்று சொல்லாத பதிலை, அது எவ்வளவு பெரிய ஆள் வாயிலிருந்து வந்தாலும், பாதிப் பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

முன்னப் பின்ன தெரியாத ஆளு சொல்றதை எதை வெச்சுங்க நம்பறது? லைக் அதிகமா இருந்தா நம்பலாமுங்களா?

லைக் என்பது பதில் படிக்க நன்றாக இருந்தது என்பதற்கு அடையாளம், செய்து பார்த்தார்கள் என்பதற்கு அல்ல. காரணம் சொல்கிறாரா என்று பாருங்கள். "டைமைக் கூட்டுங்க" என்பதைவிட, "நிற்கும்போது மோட்டார் ஜெனரேட்டர் ஆகுது, அதனால டைமைக் கூட்டுங்க" என்பது மேல், ஏனென்றால் காரணத்தை நீங்களே சோதிக்கலாம். எப்போது இது வேலை செய்யாது என்றும் சேர்த்துச் சொல்பவர் அதை விட மேல். கையேட்டில் எந்தப் பக்கம் என்று சொன்னால் போய்ப் பார்த்துவிடுங்கள்.

தேதியையும் பாருங்கள். புரோகிராம் எழுதுபவர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2008-இல் தொடங்கியது, அதில் பத்து வருஷத்துக்கு மேல் பழைய பதில்கள் இன்னும் உச்சியில் நிற்கின்றன. பைத்தான் என்ற புரோகிராம் மொழியின் பழைய பதிப்பான பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-இல் முடிந்துவிட்டது. அதற்கு எழுதிய பதிலை இன்று ஒட்டினால் முதல் வரியிலேயே பிழை வரலாம். மேலே உள்ள பதிலோடு நிற்காமல், அதற்குக் கீழே "இப்போது இது மாறிவிட்டது" என்று யாராவது எழுதியிருக்கிறார்களா என்று இறங்கிப் படியுங்கள்.

சொன்ன பதிலை அப்படியே செஞ்சு பாக்கலாமுங்களா?

திரும்பி வர வழி வைத்துக்கொண்டு செய்யுங்கள். டிரைவ் என்றால் இப்போதுள்ள பாராமீட்டர் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள் அல்லது ஒவ்வொரு திரையாகப் படம் எடுங்கள். கம்ப்யூட்டர் என்றால் பேக்கப் எடுத்து, அதிலிருந்து ஒரு ஃபைலையாவது திருப்பிக் கொண்டுவர முடிகிறதா என்று பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மூன்று பேர் சொன்ன மூன்றையும் ஒன்றாகச் செய்துவிட்டு மிஷின் ஓடினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஓடாவிட்டால் எது கெடுத்தது என்றும் தெரியாது.

சில பதில்களைக் கண்டதும் கையை எடுத்துவிடுங்கள். ஓவர்லோட் ரிலேயை பைபாஸ் பண்ணு, மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி-யைக் கழற்று, மூடி திறந்திருந்தால் ஓட விடாத ஹைட்ரோ இன்டர்லாக்கை ஷார்ட் பண்ணு என்பவை பழுதை நீக்குவதில்லை, பழுதைச் சொல்லும் வாயை அடைக்கின்றன. நிற்கும் நேரத்தை 30 நொடிக்குக் கூட்டியதும், "அது வரைக்கும் யார் காத்திருக்கறது" என்று சுற்றும் டிரம்மில் கை விட்டவர்கள் உண்டு. இன்டர்லாக் இருப்பது அதற்குத்தான். கம்ப்யூட்டரில் இதற்குச் சமமானது, எல்லாருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777, பாதுகாப்புச் சான்றிதழ் சோதனையை ஆஃப் செய்வது, அர்த்தம் தெரியாத கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்டுவது. கட்டளையில் ஒவ்வொரு சொல்லும் என்ன செய்யும் என்று தெரியாமல் என்டர் தட்டாதீர்கள்.

டிரைவைத் திறக்கச் சொன்னால், மெயினை அணைத்த பிறகும் உள்ளே கெபாசிட்டரில் உயிரைக் குடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். கையேடு சொல்லும் நிமிடங்கள் காத்திருந்து, டிசி முனையில் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள். குழுவில் பதில் சொல்பவர் இதைச் சொல்ல மறந்திருக்கலாம், அவர் கை அங்கே இல்லை.

ஏஐ கிட்டக் கேட்டா ஒரு நொடியில சொல்லிப்போடுது. இனி குழு எதுக்குங்க?

கேள்வியை ஒழுங்குபடுத்த, கையேட்டின் ஆங்கிலத்தைப் புரிந்துகொள்ள, எங்கே தேடலாம் என்று யோசனை பெற அது நன்றாக உதவுகிறது. தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் டிரைவ் பாராமீட்டர் எண் ஒவ்வொரு கம்பெனிக்கும் மாடலுக்கும் வேறு. அதற்குத் தெரியாத மாடலாக இருந்தாலும், தெரிந்த மாதிரியே ஒரு எண்ணைச் சொல்லிவிடும். அந்த எண்ணில் உங்கள் டிரைவில் வேறு ஏதாவது அமைப்பு இருந்தால் அதை மாற்றிவிடுவீர்கள். எண், ஆம்பியர், வோல்ட், கட்டளை எதுவானாலும் கையேட்டில் ஒத்துப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

அது சொன்னதை உங்கள் சொந்த அனுபவம் போலக் குழுவில் ஒட்டுவது இன்னும் கெடுதல். சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30-இல் வெளிவந்தது. அடுத்த சில நாட்களிலேயே ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அதன் பதில்களைத் தன் தளத்தில் இடுவதற்குத் தடை போட்டது. பார்க்கச் சரியாகத் தெரிகிற தப்புப் பதில்கள், திருத்துபவர்கள் சமாளிக்க முடியாத வேகத்தில் குவிந்ததுதான் காரணம். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால், "இது ஏஐ சொன்னது, நான் சோதிக்கவில்லை" என்று முதல் வரியிலேயே எழுதுங்கள்.

கம்பெனி வேலையைப் பத்திக் கேட்டா ஓனருக்குத் தெரிஞ்சா வம்பாயிடுமுங்களே?

பழுதைக் கேட்கலாம், வாடிக்கையாளரைக் காட்டக் கூடாது. டிராயிங் போட்டால் மூலையில் உள்ள டைட்டில் பிளாக், பார்ட் எண், பையர் பெயர் எல்லாம் போக வேண்டும். தேவையான அளவுகளை மட்டும் வைத்து ஒரு தாளில் புதிதாக வரைந்து படம் எடுப்பதே பாதுகாப்பு. போனில் கறுப்பு மார்க்கரால் அடித்தால் மறைந்துவிட்டதாகத் தோன்றும். சில மார்க்கர்கள் அரைகுறையாக ஒளி விடும், வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் உள்ள எழுத்து தெரியும். அடிக்காமல் வெட்டி எடுங்கள். படத்தின் பின்னணியில் பக்கத்து மேஜையின் ஆர்டர் ஷீட் தெரிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மென்பொருள்காரர்கள் பாஸ்வேர்ட், ஏபிஐ கீ (ஒரு புரோகிராம் இன்னொரு சேவைக்குள் நுழையும் ரகசியச் சாவி), டேட்டாபேஸ் முகவரி மூன்றையும் நீக்கிய பிறகே ஒட்ட வேண்டும். தவறிப் போட்டுவிட்டால் மெசேஜை அழிப்பது போதாது. புரோகிராம்களைப் பகிரும் கிட்ஹப் போன்ற பொது இடங்களில் வந்து விழும் கீகளை நிமிடங்களில் பொறுக்க ரோபோ நிரல்கள் காத்திருக்கின்றன, அழித்த பிறகும் பழைய வரலாற்றில் அது இருக்கும். அந்தக் கீயையே உடனே ரத்து செய்து புதிதாக வாங்குங்கள். பிறகு மேனேஜரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒருத்தர் தனியா மெசேஜ் போட்டு, "ரிமோட்ல வந்து நானே சரி பண்ணித் தரேன்"ங்கறாரு. விடலாமுங்களா?

குழுவில் ஒரு வரிகூடப் பதில் சொல்லாமல் நேரே தனி மெசேஜுக்கு வருபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். குழுவில் சொன்னால் தப்பை மற்றவர்கள் திருத்துவார்கள். தனியாகச் சொன்னால் திருத்த ஆளில்லை. பேங்க் ஆப், டேலி, சம்பள ஃபைல் இருக்கும் கம்ப்யூட்டரில் அந்நியரை ரிமோட்டில் விடவே கூடாது. "லைசென்ஸ் கிராக் அனுப்பறேன்" என்று பி.எல்.சி. (மிஷினை இயக்கும் சிறு கணினி) மென்பொருள் தருபவரிடமும் வாங்காதீர்கள். அந்த ஃபைலோடு வைரஸ் வந்தால் லேப்டாப்போடு நிற்காது, அதில் இணைக்கும் ஒவ்வொரு மிஷினும் ஆபத்தில் இருக்கும். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

"இதுகூடத் தெரியாதா"ன்னு எளக்காரமாப் பேசறாங்க. அதுக்கப்புறம் கேக்கவே கூச்சமா இருக்குதுங்க.

கேலிக்குப் பதில் சொல்லாமல், அதில் தகவல் இருந்தால் அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். "நன்றிங்கண்ணா, ரிலே லைன் பக்கம்தான் இருக்குது, இப்ப எவ்வளவுல வெக்கறது?" என்று பேச்சை வேலைக்கே திருப்பிவிட்டால் மற்றவர்கள் உள்ளே வருவார்கள். திறமைசாலி என்றால் கடுகடுப்பாகத்தான் இருப்பார் என்று சமாதானம் சொல்ல வேண்டியதில்லை. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கடுமையான பேச்சுக்குப் பெயர் போனவர். 2018 செப்டம்பரில் அவரே அதற்காக மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் வேலையிலிருந்து விலகினார், அந்த வளர்ச்சிக் குழு நடத்தை விதியும் ஏற்றுக்கொண்டது.

இதில் அட்மின்களின் பொறுப்பு பெரியது. பெண்கள் ஒரு கேள்வி போட்டதும் வேலைக்குச் சம்பந்தமில்லாத தனி மெசேஜ்கள் போவது நம் குழுக்களில் நடக்கிறது. அதனால் அவர்கள் கேட்பதையே நிறுத்திவிடுகிறார்கள். "அனுமதி கேட்காமல் தனி மெசேஜ் அனுப்பினால் நீக்கம்" என்ற விதியைக் குழு விவரத்தில் எழுதி, முதல் புகாரிலேயே செய்து காட்டினால் போதும்.

எனக்கு அரைகுறையாத்தானுங்க தெரியும். நான் பதில் சொல்லலாமுங்களா?

சொல்லுங்கள், எவ்வளவு தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "எங்க பேனல்ல இப்படி, உங்களுது வேறயா இருக்கலாம்" என்ற பதில் பயனுள்ளது. "கண்டிப்பா இதுதான்" என்று ஊகத்தை அடித்துச் சொல்வதுதான் கெடுக்கும். பார்த்தது, கேள்விப்பட்டது, ஊகிப்பது இந்த மூன்றில் எது என்று பிரித்துச் சொன்னால் அரைகுறை அறிவும் நன்றாக உதவும்.

இலவசமாக் கிடைக்கற மென்பொருள்ல பழுது. எழுதினவரு பதிலே சொல்றதில்லை. எல்லாருஞ் சேந்து நெருக்கினாத்தானுங்களே செய்வாரு?

நெருக்கினால் என்ன ஆகும் என்பதற்கு எக்ஸ்இசட் சம்பவம் இருக்கிறது. உலகின் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருக்கும், ஃபைலைச் சுருக்கும் சிறு மென்பொருள் அது. ஒருவரே ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை தாமதமாகிறது என்று சில பெயர்களில் பொதுவில் நச்சரிப்பு வந்தது. அதே சமயம் ஒரு "உதவியாளர்" பொறுமையாகச் சின்னச் சின்ன வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்து, பொறுப்பில் பங்கு வாங்கினார். 5.6.0, 5.6.1 பதிப்புகளில், அந்நியர் ரகசியமாகக் கணினிக்குள் நுழையக் கள்ளக் கதவு வைக்கப்பட்டது.

ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். ஏன் என்று தோண்டி, 2024 மார்ச் 29-இல் பொதுவில் விவரமாக எழுதினார். திறந்த உரையாடலின் ஆபத்தும் பலமும் இந்த ஒரே சம்பவத்தில் தெரிகின்றன. நச்சரித்தவர்கள் யார் என்று எவரும் சோதிக்கவில்லை. ஆனால் கண்டுபிடித்தவர் எழுதிய அன்றே உலகம் முழுக்க உள்ளவர்கள் பழைய பதிப்புக்குத் திரும்ப முடிந்தது. ஆகவே நெருக்காதீர்கள். ஆறு விவரத்தோடு பழுதை எழுதுங்கள், முடிந்தால் திருத்தத்தையும் அனுப்புங்கள். அந்த மென்பொருளால் உங்கள் கம்பெனி சம்பாதிக்கிறது என்றால், எழுதியவருக்குப் பணம் கொடுக்க முதலாளியிடம் பேசுங்கள்.

குழுவுல கத்துக்கிட்டதை வெச்சு கிளாஸ் எடுக்கலாமுங்களா? காசு வாங்கலாமுங்களா?

கற்ற விஷயம் உங்களுடையது, மற்றவர் எழுதிய எழுத்து அவருடையது. உங்கள் சொல்லில் சொல்லித் தருவதற்குத் தடையில்லை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் உள்ள பதில்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பவை. எடுத்துப் போடலாம், காசும் வாங்கலாம், ஆனால் எழுதியவர் பெயரையும் இணைப்பையும் கொடுக்க வேண்டும், மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் யாரோ எழுதியது என்றால் அவரைக் கேட்டுவிடுங்கள்.

பழுது தீந்து மிஷின் ஓடுதுங்க. திரும்ப வந்து எதுக்குங்க எழுதோணும்?

"நன்றி, சரியாயிடுச்சு" என்பது பதில் சொன்னவருக்குச் சந்தோஷம், அடுத்து வருபவருக்கு ஒன்றுமில்லை. இப்படி எழுதுங்கள்: "நிற்கும் நேரத்தை 5 நொடியிலிருந்து 30-க்கு மாற்றினோம், ட்ரிப் நின்றது. 15 நொடியில் வைத்தபோது துணி முழுக்க நிறைந்திருந்தால் மட்டும் மறுபடி வந்தது. ரெசிஸ்டர் போடவில்லை." பதில் சொன்னவர்கூட அந்த 15 நொடி விவரத்தை அறிந்திருக்க மாட்டார். சொன்னது வேலை செய்யாவிட்டால் அதையும் எழுதுங்கள், அப்போதுதான் தப்புப் பதில் அங்கேயே தடைபடும்.

வருசக்கணக்கா வாட்ஸ்அப்ல குவிஞ்சு கெடக்குதுங்க, தேடினா ஒண்ணும் அகப்படறதில்லை. அதை என்னங்க பண்றது?

வாட்ஸ்அப் அன்றைய பேச்சுக்கு நல்லது, சேமிப்புக்கு ஆகாது. வெளியிலிருந்து தேட முடியாது, புதிதாகச் சேர்ந்தவருக்குப் பழையது பெரும்பாலும் தெரியாது. மறையும் மெசேஜ் போட்டிருந்தால் அதிகபட்சம் 90 நாளில் எல்லாம் போய்விடும். குழு பெரிதாக இருந்தால் அட்மின் அதை முதலில் ஆஃப் செய்யட்டும்.

பிறகு சாட்டை எக்ஸ்போர்ட் செய்து, ஒரு பொது ஷீட் தொடங்குங்கள். ஒரு பழுதுக்கு ஒரு வரிசை. நெடுவரிசைகள் இவை: மிஷின், மாடல், அறிகுறி, எப்போது வருவதில்லை, காரணம், செய்த மாற்றம், வேலை செய்ததா, தேதி. பெயர்களும் போன் எண்களும் வேண்டாம். பழுது தீர்ந்ததாக உறுதியாகத் தெரிந்ததை மட்டும் ஏற்றுங்கள். வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்தால் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் போதும். ஷீட்டின் இணைப்பைக் குழு விவரத்தில் போட்டு, திருத்தும் உரிமையை மூன்று நான்கு பேருக்கு மட்டும் கொடுங்கள். எல்லாருக்கும் கொடுத்த ஷீட்டில் முதல் மாதத்திலேயே யாராவது ஒரு நெடுவரிசையை மட்டும் தனியாக வரிசைப்படுத்திவிடுவார், ஒரு மிஷினின் பழுதுக்கு நேரே இன்னொரு மிஷினின் தீர்வு வந்து உட்கார்ந்திருக்கும்.